விரிசல் படிக்கக் கற்றுத்தரும் கண்ணாடி

நிலநடுக்கம் வந்து போன மறுநாள் காலையில் ஒரு நகரத்துக்கு அவசரமாகத் தேவைப்படுபவர் யார்? மருத்துவர், தீயணைப்பு வீரர், உணவு சமைத்துப் போடுபவர் என்று பலரை நாம் சொல்வோம். சொல்ல மறந்துவிடும் ஒருவர் இருக்கிறார். கையில் ஒரு படிவமும் டார்ச் விளக்கும், தோள்பையில் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களில் அட்டைகளும் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடக்கும் கட்டடப் பொறியாளர்தான் அவர். இடிந்து விழுந்துவிட்ட கட்டடத்தைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கப்போவதில்லை. விழாமல் நிற்கிற கட்டடங்களைப் பற்றித்தான் கேள்வி. “உள்ளே போகலாமா?” என்று தெருவோரத்தில் குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கும் குடும்பம் கேட்கும். அவர் கதவில் ஒட்டும் அட்டையின் நிறமே அதற்கு விடை.

இந்த மூன்று நிற முறையை அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அப்ளைடு டெக்னாலஜி கவுன்சில் என்ற அமைப்பு 1989இல் கையேடாக வெளியிட்டது. ‘ஏ.டி.சி.-20’ என்பது அக்கையேட்டின் பெயர். வெளிவந்த சில வாரங்களிலேயே, அவ்வாண்டு அக்டோபர் 17 அன்று, சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தை லோமா பிரீட்டா நிலநடுக்கம் உலுக்கியது. அச்சு மை காய்வதற்குள் கையேட்டுக்குத் தேர்வு வந்துவிட்டது எனலாம். பச்சை என்றால் பார்வையிடப்பட்டது, வழக்கம்போல் பயன்படுத்தலாம். மஞ்சள் என்றால் கட்டுப்பாட்டோடு மட்டும் நுழையலாம். சிவப்பு என்றால் நுழையக்கூடாது. ஒரு கட்டடத்தின் முதற்கட்டப் பரிசோதனைக்கு அக்கையேடு ஒதுக்கும் நேரம் 10 முதல் 30 நிமிடங்கள். ஐயம் இருந்தால் சில மணி நேரம் எடுக்கும் விரிவான பரிசோதனை. ஜப்பானிலும் இதே மூன்று நிறங்கள்தாம். 1995இல் கோபே நகரம் சிதைந்தபோது அப்பகுதியில் சுமார் 46,000 கட்டடங்களை இவ்வாறு நடந்தே பார்த்து முடித்தார்கள்.

அரைமணி நேரத்துக்குள், கருவிகள் ஏதுமின்றி, பெரும்பாலும் கண்ணை மட்டுமே நம்பி எடுக்கும் முடிவு இது. அந்தக் கண்ணை எப்படிப் பழக்குவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இருபக்கமும் கூரான கத்தி

முடிவு தவறினால் என்ன ஆகும்? நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரத்தில் நடந்ததைப் பார்ப்போம். 2010 செப்டம்பர் 4 அதிகாலையில் நகருக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் 7.1 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. ஊரே ஆடியது, ஆனால் இடிபாடுகளில் சிக்கி ஒருவரும் இறக்கவில்லை. பரிசோதகர்கள் நகரம் முழுவதும் சுற்றி வந்தார்கள். சி.டி.வி. கட்டடம் என்று அழைக்கப்பட்ட ஆறுமாடிக் கட்டடத்துக்குப் பச்சை அட்டை கிடைத்தது. அதில் ஒரு தொலைக்காட்சி நிலையமும், மருத்துவமனை ஒன்றும், வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளி ஒன்றும் இயங்கி வந்தன.

ஐந்தரை மாதம் கழித்து, 2011 பிப்ரவரி 22 நண்பகலில், அடுத்த அதிர்வு வந்தது. அளவில் இது சிறியது, 6.3 என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் நகரத்துக்கு வெகு அருகில், ஆழமில்லாத இடத்தில் பிறந்தது. தெற்குக் குன்றுகளின் அடிவாரத்தில் ஓரிடத்தில் நிலம் மேலும் கீழுமாக ஆடிய முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தின் இருமடங்கைத் தாண்டியது. சி.டி.வி. கட்டடம் சில நொடிகளில் தரைமட்டமாயிற்று. அன்று இறந்த 185 பேரில் 115 பேர் அந்த ஒரே கட்டடத்தில் இறந்தார்கள்.

பரிசோதகர்களைக் குற்றம் சொல்லி இதை முடித்துவிட முடியாது. கட்டடத்தின் வடிவமைப்பிலேயே கோளாறு இருந்தது என்று பின்னர் அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையம் கண்டது. அதைப் பிறகு பார்ப்போம். இங்கே நாம் கவனிக்க வேண்டியது, ஒரு பச்சை அட்டைக்கும் மக்கள் உயிருக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு குறைவு என்பதை.

எதற்கு வம்பு, எல்லாவற்றுக்கும் சிவப்பு ஒட்டிவிட்டால் என்ன என்று கேட்கலாம். அதற்கும் விலை உண்டு. சிவப்பு ஒட்டிய வீட்டின் குடும்பம் கூடாரத்துக்குப் போகிறது. கடைக்காரர் பிழைப்பை இழக்கிறார். மருத்துவமனைக்குச் சிவப்பு ஒட்டினால் காயம்பட்டவர்களுக்குப் போக்கிடம் இல்லை. கிறைஸ்ட்சர்ச்சின் நடுநகரம் 2013 ஜூன் இறுதி வரை வேலி போட்டு மூடிக் கிடந்தது. நிற்கக்கூடிய கட்டடத்துக்குச் சிவப்பு ஒட்டுவதும் பிழைதான். அந்தப் பிழையால் உடனே யாரும் சாகமாட்டார்கள் என்பது ஒன்றே வேறுபாடு.

சாக்பீஸ் சொல்லும் பாடம்

பரிசோதகர் எதைப் பார்க்கிறார்? பெரும்பாலும் விரிசல்களைத்தான். நிலநடுக்கத்துக்குப் பின் விரிசல் இல்லாத சுவரே இருக்காது. அவற்றுள் எது வெறும் பூச்சு விரிசல், எது கட்டடத்தின் எலும்பு முறிவு என்று பிரிக்க வேண்டும். விரிசலின் அகலத்தைவிட அதன் திசை அதிகம் பேசும். ஏனென்று அறிய விலையுயர்ந்த ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு சாக்பீஸ் போதும்.

சாக்பீஸை இரு முனைகளிலும் பிடித்து வளைத்து ஒடியுங்கள். முறிவு நேர்குறுக்காக இருக்கும். இன்னொரு சாக்பீஸை எடுத்து, ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கி ஒடியுங்கள். இம்முறை முறிவு சாய்வாக, சுருள்வடிவில், ஏறத்தாழ 45 பாகைக் கோணத்தில் வரும். நான் வகுப்பில் இதைச் செய்துகாட்டும்போதெல்லாம் பின்வரிசை மாணவர்கள்கூட எழுந்து பார்ப்பார்கள். (மறுநாள் சாக்பீஸ் பெட்டியில் பாதி காணாமற்போகும் என்பது வேறு விஷயம்.) சாக்பீஸ் அழுத்தத்தைத் தாங்கும்; இழுப்பைத் தாங்காது. எந்தத் திசையில் அது மிக அதிகமாக இழுக்கப்படுகிறதோ, அத்திசைக்குச் செங்குத்தாகப் பிளக்கும். முறுக்கும்போது பெரும் இழுவிசை 45 பாகைச் சாய்வில் அமைகிறது. கான்கிரீட்டும் செங்கற்சுவரும் இதே குணம் கொண்டவை. கான்கிரீட்டின் இழுதாங்கு வலிமை அதன் அழுத்தம் தாங்கும் வலிமையில் பத்தில் ஒரு பங்கு அளவே.

இப்போது ஒரு சதுரச் சுவரை எண்ணிக்கொள்ளுங்கள். நிலநடுக்கத்தில் அடித்தளம் ஒருபக்கம் நகர, மேற்புறம் பின்தங்குகிறது. சதுரம் சாய்சதுரமாகப் பார்க்கிறது. ஒரு மூலைவிட்டம் நீள்கிறது, மற்றது குறுகுகிறது. நீளும் மூலைவிட்டத்துக்குக் குறுக்கே சுவர் பிளக்கிறது. அடுத்த அரைநொடியில் நிலம் எதிர்த்திசையில் ஆட, மற்ற மூலைவிட்டத்துக்குக் குறுக்கே பிளக்கிறது. இரண்டும் சேர்ந்து சுவரில் ஒரு பெருக்கல் குறி தோன்றுகிறது. நிலநடுக்கம் தாக்கிய எந்த நாட்டின் புகைப்படத்திலும் இந்தப் பெருக்கல் குறியைக் காணலாம். ‘ஷியர்’ என்று பொறியாளர்கள் சொல்லும் சறுக்கு விசையின் கையெழுத்து அது.

அந்தக் கையெழுத்து எங்கே இருக்கிறது என்பதே அடுத்த கேள்வி. இரு தூண்களுக்கிடையே வெறுமனே அடைப்பாகக் கட்டிய செங்கற்சுவரில் இருந்தால் பெரும்பாலும் தூண்கள் பிழைத்திருக்கும். அதே குறி தூணிலேயே இருந்தால் நிலைமை மிக மோசம். தூணின் தலையிலும் காலிலும் மெல்லிய கிடைவிரிசல்கள் இருந்தால் அது வளைந்திருக்கிறது என்று பொருள். உள்ளே கம்பிகள் ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால் வளைந்த தூண் இன்னும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். சாய்விரிசல் கண்ட தூண் அப்படி முன்னறிவிப்புக் கொடுத்துக்கொண்டிராது. கான்கிரீட் உதிர்ந்து, உள்ளிருக்கும் கம்பிகள் புடைத்து வெளியே வளைந்திருந்தால் விரிசலைப் பற்றிய ஆராய்ச்சியே வேண்டாம். பரிசோதகர் வெளியேற வேண்டும். சுவரும் தூணும் சேருமிடத்தில் ஓடும் நேர்விரிசலோ பார்க்கப் பயமுறுத்தினாலும் பெரும்பாலும் பிழைத்துப் போகக்கூடியது.

இன்னொரு விந்தை ‘குட்டைத்தூண்’. பள்ளிக்கூடங்களில் வெளிச்சத்துக்காக நீண்ட சன்னல் வரிசை வைத்து, அதன்கீழ்ப் பாதிச்சுவர் எழுப்புவது உலகெங்கும் வழக்கம். சுவர் தூணின் கீழ்ப்பாதியை இறுகப் பிடித்துக்கொள்வதால் மேற்பாதி மட்டுமே ஆட முடிகிறது. தூணின் விறைப்பு அதன் உயரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். உயரம் பாதியானால் விறைப்பு எட்டு மடங்கு. கட்டடம் ஒரே அளவு நகரும்போது இந்தத் தூண் மட்டும் எட்டு மடங்கு விசையை இழுத்துக்கொள்கிறது; சாய்வாகப் பிளக்கிறது. மற்ற தூண்கள் எல்லாம் நலமாக இருக்க, சன்னலோரத் தூண்கள் மட்டும் நொறுங்கிக் கிடப்பதன் காரணம் இதுவே. 2001இல் பூஜ் நிலநடுக்கத்தின்போது, மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்ததற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று, தரைத்தளத்தை வண்டி நிறுத்துவதற்காகச் சுவரின்றித் திறந்து விட்டிருந்தது. மேலே கனமான பெட்டி, கீழே மெலிந்த கால்கள். இத்தகைய கட்டடத்தில் பரிசோதகர் முதலில் போக வேண்டிய இடம் வரவேற்பறையன்று. வண்டி நிற்கும் இடமே.

ஒத்திகைக்கு எங்கே போவது?

மேலே சொன்னவற்றை ஒரு மாணவர் புத்தகத்தில் படித்துத் தேர்வில் எழுதிவிடலாம். ஆனால் தூசியும் இருட்டும் நிறைந்த அறையில், சாய்ந்த அலமாரிக்குப் பின்னால், பூச்சு உதிர்ந்த தூணில் அதைக் கண்டுபிடிப்பது வேறு திறமை. மருத்துவ மாணவர் மருத்துவமனையில் நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பார்த்துப் பழகுகிறார். கட்டடப் பொறியாளருக்கு அத்தகைய மருத்துவமனை இல்லை. அவருடைய ஊரில் பெரிய நிலநடுக்கம் அவர் பணிக்காலம் முழுவதிலும் ஒருமுறை வரலாம், வராமலும் போகலாம். வரும் நாளன்று முதல் நோயாளியே உண்மையான நோயாளி.

செயற்கையாக உலுக்கிப் பார்க்கலாம். ஜப்பானில் மிக்கி நகரிலுள்ள ‘ஈ-டிஃபென்ஸ்’ அதிர்வு மேசை 20 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்டது. 1,200 டன் கட்டடத்தை அதன்மேல் நிறுத்தி ஆட்டலாம். சென்னை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்திலும் அதிர்வு மேசைகள் உண்டு. ஆனால் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கட்டடத்தை நொறுக்கிக்காட்ட எந்த நாட்டிலும் பணம் கிடையாது.

உண்மையான இடிபாடுகளுக்கே மாணவர்களை அழைத்துச் செல்வதோ ஆபத்து. இத்தாலியில் 1997 செப்டம்பர் 26 அன்று நள்ளிரவு கடந்தபின் ஒரு நிலநடுக்கம் அசிசி நகரத்தின் புனித பிரான்சிஸ் பேராலயத்தைச் சேதப்படுத்தியது. சேதத்தைப் பார்வையிட முற்பகலில் ஒரு குழு உள்ளே சென்றது. அப்போது இரண்டாவது அதிர்வு வந்து மேல்வளைவு இடிந்து விழுந்தது. இரு துறவிகளும் இரு பரிசோதகர்களும் அங்கேயே இறந்தார்கள். நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25இல் 7.8 அளவுள்ள நிலநடுக்கத்துக்கு 17 நாள் கழித்து 7.3 அளவில் இன்னொன்று வந்தது. பின்னதிர்வுகள் பரிசோதகரின் கால அட்டவணையைப் பார்த்து வருவதில்லை.

விமானிகள் இந்தச் சிக்கலை நெடுநாளைக்கு முன்பே தீர்த்துக்கொண்டார்கள். எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர் 1929இல் உருவாக்கிய பயிற்சி இயந்திரம், தரையில் இருந்தபடியே பறக்கும் உணர்வைத் தந்தது. இன்றைய விமானி எஞ்சினில் தீப்பிடிப்பதை வானில் ஒருமுறைகூடச் சந்திக்காதிருக்கலாம். பாவனை அறையில் பலமுறை சந்தித்திருப்பார். அதே வழியைக் கட்டடப் பொறியாளருக்கும் திறந்துவிட்டது ‘வர்ச்சுவல் ரியாலிட்டி’. தமிழில் மெய்நிகர் உண்மை என்கிறோம்.

கண்ணை ஏமாற்றும் கலை

இதன் அடிப்படை புதிதன்று. நம் இரு கண்களுக்கும் இடையே ஆறு, ஆறரை சென்டிமீட்டர் தூரம். ஒரே பொருளை இரு கண்களும் சற்றே வேறுபட்ட கோணங்களில் காண்கின்றன. அந்த வேறுபாட்டிலிருந்து மூளை ஆழத்தைக் கணிக்கிறது. 1838இல் சார்லஸ் வீட்ஸ்டன் இரு படங்களை இரு கண்களுக்கும் தனித்தனியே காட்டித் தட்டைப் படத்தில் ஆழம் தெரியச் செய்தார். திருவிழாக்களில் ‘பயாஸ்கோப்’ பெட்டிக்குள் எட்டிப்பார்த்த தலைமுறையினருக்குப் பெட்டிக்குள் ஓர் உலகம் இருக்க முடியும் என்பது வியப்பாக இராது. 1968இல் ஐவான் சதர்லாந்து என்ற அறிவியலாளர் இதனோடு இன்னொன்றைச் சேர்த்தார். தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதற்கேற்பப் படமும் மாறியது. அவர் காட்டியது வெறும் கோடுகளால் ஆன உருவங்கள். கருவியோ கூரையிலிருந்து தொங்கவிட வேண்டிய அளவு கனம்.

இன்று அது நீச்சல் கண்ணாடியின் பெரிய அண்ணன்போல் தலையில் மாட்டிக்கொள்ளும் கருவியாகிவிட்டது. உள்ளே இரு சிறு திரைகள், இரு வில்லைகள். தலை எவ்வளவு திரும்பியது, எவ்வளவு முன்னே சாய்ந்தது என்பதை உணர்விகள் அளந்துகொண்டே இருக்கின்றன. நொடிக்குத் தொண்ணூறு முறை அளவில் படம் புதிதாக வரையப்படுகிறது. தலை திரும்புவதற்கும் படம் மாறுவதற்கும் இடையே நொடியின் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் தாமதம் ஏற்பட்டால் சிலருக்குத் தலை சுற்றத் தொடங்கும்.

இடிந்த கட்டடத்தை இதற்குள் எப்படிக் கொண்டுவருவது? லேசர் வருடி ஒரு வழி. அது ஒளித்துடிப்புகளை எல்லாத் திசைகளிலும் அனுப்பி, அவை பட்டுத் திரும்புவதைக்கொண்டு தூரத்தைக் கணிக்கிறது. கோடிக்கணக்கான புள்ளிகளால் அறையின் உருவம் சில மில்லிமீட்டர்த் துல்லியத்தில் கிடைக்கிறது. ஆளில்லாச் சிறுவிமானம் பல கோணங்களில் எடுத்த நூற்றுக்கணக்கான புகைப்படங்களைக் கணிப்பொறியில் பொருத்தி முப்பரிமாண உருவம் பெறுவது மற்றொரு வழி. நிலநடுக்கம் நடந்த இடங்களுக்கு இத்தகைய கருவிகளோடு விரைந்து சென்று பதிவுசெய்து வருவதற்கென்றே அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு நிலையம் இயங்கத் தொடங்கியது. இடிபாடுகளைப் புல்டோசர் அள்ளிக்கொண்டு போகும் முன் பதிவு செய்துவிட்டால், அந்தக் கட்டடம் அதன்பின் எத்தனை மாணவர்களுக்கு வேண்டுமானாலும் பாடம் சொல்லும்.

பயிற்சி அறையில்

காலியான ஓர் அறையில் மாணவர் கருவியை மாட்டிக்கொண்டு நிற்கிறார். அவர் கண்முன் ஒரு தெரு. எதிரே நான்கு மாடிக் கட்டடம். அவசரக்காரர் நேராக வாசலுக்குள் நுழைவார். உள்ளே போகும் முன் கட்டடத்தை வெளியே முழுவதும் சுற்றி வர வேண்டும் என்பது கையேட்டின் விதி. பின்புறத்தில் ஒரு தூண் நொறுங்கியிருந்தால் உள்ளே போக வேண்டிய அவசியமே இல்லை. வாசலில் சிவப்பு ஒட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம். மாணவர் இதை மறந்து நுழைந்தால், பயிற்சியாளர் ஒரு பொத்தானை அழுத்திப் பின்னதிர்வை வரவழைக்கலாம். அந்த மாணவர் அவ்விதியை அதன்பின் மறக்கமாட்டார்.

அரைமணி முடிகிறது. மாணவர் மஞ்சள் அட்டை ஒட்டுகிறார். இனிமேல்தான் இக்கருவியின் உண்மையான பயன் தெரிகிறது. எழுத்துத் தேர்வு, விடை சரியா தவறா என்று மட்டும் சொல்லும். இந்தக் கருவியோ மாணவர் எங்கே நின்றார், எந்தச் சுவரை எத்தனை நொடி பார்த்தார் என்பதையெல்லாம் பதிவு செய்து வைத்திருக்கிறது. சில கருவிகளில் கண்மணியின் அசைவைக்கூட அகச்சிவப்பு ஒளியால் தொடர்கிறார்கள். பயிற்சியாளர் அந்தத் தடத்தைத் திரும்பக் காட்டுகிறார்: வரவேற்பறைச் சுவரில் பெரிய பூச்சு விரிசலின் முன்னே நெடுநேரம் நின்றிருக்கிறார், மாடிப்படிக்கு அடியில் இருந்த தூண் பக்கம் பார்வை ஒருமுறைகூடப் போகவில்லை. மஞ்சள் என்ற விடை ஒருவேளை சரியாகவே இருக்கலாம். ஆனால் அது குருட்டாம்போக்கில் கிடைத்த சரி என்பது தெரிந்துவிடுகிறது. ஆசிரியன் என்ற முறையில் எனக்கு இக்கருவியின்மீது பொறாமை உண்டு. மாணவர் எதைப் பார்க்கத் தவறினார் என்பதை விடைத்தாள் எனக்கு ஒருபோதும் காட்டியதில்லை.

ஒரே கட்டடத்தைப் பத்துப் பேர் தனித்தனியே பரிசோதிக்கச் செய்து, பத்து அட்டைகளையும் மேசையில் பரப்பி வைக்கவும் இதில் முடியும். நிறங்கள் ஒத்துப்போகாவிட்டால் அங்கேதான் பாடம் தொடங்குகிறது. உண்மையான இடிபாட்டில் இத்தகைய ஒப்பீட்டுக்கு யாருக்கும் நேரம் கிடைக்காது.

கண்ணாடிக்கு எட்டாதவை

இத்தனையும் சொன்னபின், ஓர் இயற்பியல் ஆசிரியனுக்கு எழும் ஐயங்களையும் சொல்லியாக வேண்டும். முதலாவது, திரையின் கூர்மை. நல்ல கருவியிலும் ஒரு பாகைக் கோணத்துக்குச் சுமார் 25 படப்புள்ளிகளே அமைகின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டு மீட்டர் தள்ளியுள்ள சுவரில் ஒரு படப்புள்ளி 1.4 மில்லிமீட்டர் அகலத்தை மூடிவிடும். 0.3 மில்லிமீட்டர் விரிசல் அந்தப் புள்ளியில் ஐந்தில் ஒரு பங்குதான். வெளிறிய சாம்பல்நிறமாகக் கரைந்து போகும். மெய்யான சுவரிலோ, வெள்ளைப் பூச்சின்மேல் அந்த மெல்லிய கருங்கோட்டை நல்ல கண் அதே தூரத்தில் பிடித்துவிடும். மெய்நிகர் உலகில் அதைக் காண 30 சென்டிமீட்டர் வரை கிட்டப்போக வேண்டும். அப்படிப் போனாலும் வேறொரு தொல்லை: வில்லைகளின் குவியம் ஒன்றரை, இரண்டு மீட்டர்த் தூரத்தில் நிலையாக வைக்கப்பட்டிருக்கிறது. கண்கள் கிட்டத்துப் பொருளுக்காக உட்பக்கம் திரும்ப, கண்வில்லையோ தொலைவுக்குக் குவிய வேண்டியிருக்கிறது. கண் களைத்துவிடும். இதற்காக விரிசலை வேண்டுமென்றே தடிப்பாக வரைந்து காட்டினால், தடித்த விரிசலை மட்டும் தேடும் பழக்கம் மாணவருக்கு வந்துவிடும். மெய்நிகர் உருப்பெருக்கி ஒன்றையும், விரிசலின் அகலத்தை ஒப்பிடும் அளவட்டை ஒன்றையும் மாணவர் கையில் கொடுப்பதே நேர்மையான வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது ஐயம், எனக்கு மிகவும் பிடித்தது, புவியீர்ப்பு. திரையில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். மாணவரின் காலடியில் உள்ள தரையின் மட்டத்தை மாற்ற முடியாது. உண்மையில் சாய்ந்த கட்டடத்துக்குள் நுழைந்தவுடன் உள்செவி எச்சரிக்கும், பாதங்கள் எச்சரிக்கும். 2011 பெருநிலநடுக்கத்தில் தோக்கியோவுக்கு அருகிலுள்ள உராயாசு நகரில் மண் குழைந்து வீடுகள் சாய்ந்தன. அவற்றில் தொடர்ந்து வசித்தவர்கள் தலைசுற்றலால் அவதிப்பட்டார்கள். சாய்வு பெரிதாகக் கண்ணுக்குத் தெரியாத வீட்டில்கூட உடல் அதை அறிந்துவிடுகிறது. மெய்நிகர்க் கட்டடத்தில் நடப்பவருக்கு இந்த எச்சரிக்கை கிடைக்காது. கண் ‘சாய்ந்திருக்கிறது’ என்று சொல்ல, செவி ‘இல்லை’ என்று மறுக்கும். நீண்ட நேரம் இருந்தால் வயிற்றைப் புரட்டும். ஆகவே இங்கே நம் கொத்தனார்களின் தூக்குக்குண்டையும் ரசமட்டத்தையும் நம்பப் பழக்க வேண்டும். மூன்று மீட்டர் உயரத் தூணில் நூல் மூன்று சென்டிமீட்டர் விலகித் தொங்கினால் நூற்றுக்கு ஒன்று சாய்வு. அந்த எண்ணைப் படிவத்தில் எழுதும் பழக்கம் வந்துவிட்டால், களத்தில் கண்ணும் காலும் ஏமாந்தாலும் குண்டு ஏமாறாது. பூச்சைத் தட்டினால் எழும் பொத்தல் ஓசை, கசியும் சமையல் எரிவாயுவின் நாற்றம் ஆகியவற்றிலும் கருவி இன்னும் தொடக்க வகுப்பில்தான் இருக்கிறது.

மூன்றாவது, விரிசலை வரைபவர் யார் என்பது. உண்மைக் கட்டடத்தை வருடி எடுத்த உருவமானால் கவலையில்லை. கணிப்பொறியில் கற்பனையாகக் கட்டிய கட்டடமானால், விரிசல்களை ஓவியர் அழகுக்காகப் போட்டிருக்கக்கூடாது. எந்த விசை எங்கே எந்தத் திசையில் இழுத்தது என்ற கணக்கிலிருந்து அவை பிறக்க வேண்டும். சாக்பீஸ் ஒத்துக்கொள்ளாத விரிசலைப் பார்த்துப் பழகிய கண், எதையும் பாராத கண்ணைவிட ஆபத்தானது.

கடைசி ஐயம் கருவியைப் பற்றியதன்று. கண்ணால் காண முடியாதவை எப்போதும் உண்டு. 1994 ஜனவரி 17இல் கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்துக்குப் பின் எஃகுச் சட்டக் கட்டடங்கள் பல நலமாக நிற்பதாகவே எண்ணினார்கள். பின்னர் சுவர்ப்பலகைகளையும் தீத்தடுப்புப் பூச்சையும் அகற்றிப் பார்த்தபோது, உத்தரமும் தூணும் சேருமிடத்துப் பற்றவைப்புகள் பிளந்திருந்தன. சி.டி.வி. கட்டடத்தின் கதையும் இத்தகையதே. கான்கிரீட் தூணுக்குள் நீளக்கம்பிகளைச் சுற்றி நெருக்கமாக ஓட வேண்டிய சுருள்கம்பி, அங்கே மிகுந்த இடைவெளி விட்டுச் சுற்றப்பட்டிருந்தது. அத்தகைய தூண் வளைந்து கொடுக்காது. செப்டம்பர் அதிர்வுக்குப் பின் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தவர்களுக்கு வெளியிலிருந்து அது தெரிய வழியில்லை. பிறகு ஒரு பொறியாளர் தனியே பரிசோதித்தபோதும் கட்டடத்தின் வரைபடங்கள் அவர் கைக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே நல்ல பயிற்சித் திட்டத்தில், பார்த்தால் எந்தக் குறையும் தெரியாத, ஆனால் உள்ளே பலவீனமான கட்டடம் ஒன்றையும் சேர்க்க வேண்டும். மாணவர் அதைச் சுற்றிப் பார்த்து முடித்தபின், சுவர்களைக் கண்ணாடிபோல் ஊடுருவிக் காட்டி உள்ளிருக்கும் கம்பிகளைக் காட்டலாம். உண்மைக் கட்டடத்தில் இயலாத இக்காரியம் மெய்நிகர் உலகில் எளிது. ‘எனக்குத் தெரியவில்லை, வரைபடம் வேண்டும், விரிவான பரிசோதனை வேண்டும்’ என்று படிவத்தில் எழுதுவதற்கும் மதிப்பெண் உண்டு என்று அப்போது மாணவருக்குப் புரியும்.

நியூசிலாந்தில் பின்னர் அட்டையின் நிறத்தையே மாற்றிவிட்டார்கள். பச்சையைக் கண்டவர்கள் கட்டடம் முற்றிலும் பாதுகாப்பானது என்று எடுத்துக்கொண்டார்கள். பரிசோதகர் சொன்னதோ, பார்த்த அளவில் புதிய ஆபத்து எதுவும் தென்படவில்லை என்பதே. இப்போது அங்கே பச்சைக்குப் பதிலாக ஒட்டுவது வெள்ளை அட்டை. பயன்படுத்தலாம் என்று மட்டும் அதில் இருக்கும்.